ராகலைக் காணி வழக்கு

வலப்பனைப் பகுதியில் காணி வழக்கு பேசும் சட்டத்தரணி எவரும் மறக்கக்கூடாத தீர்ப்பு, உயர் நீதிமன்ற மேன்முறையீடு 21/2013. நான் அதில் தோன்றவில்லை. ஆனால் அதன் பின் நான் தொட்ட ஒவ்வொரு அரச காணி வழக்கிலும் அது குறுக்கே நின்றது.

ராகலை, ஹல்கரன்ஓயாப் பக்கத் தோட்டக் காணி ஒன்றில் இருந்தவருக்கு, 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தின் கீழ் வெளியேறும் அறிவித்தல் வந்தது. அந்தச் சட்டம் கடுமையானது. செல்லுபடியான அரச அனுமதிப்பத்திரம் காட்ட முடியாதவருக்கு நீதவான் முன் வேறு வாதம் இல்லை. ஆகவே அறிவித்தலையே இரத்துச் செய்யும்படி அவர் கண்டி மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்டார். தனக்கு அதிகாரம் இல்லை என்றது அந்த மன்று. உண்டு என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம்.

கேள்வி இதுதான்: இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மாகாண சபைப் பட்டியலில் உள்ள 'காணி' என்ற விடயத்துக்குள் அரச காணியும் அடங்குமா? அடங்கினால்தான் மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணை வழங்கலாம்.

2013 செப்டெம்பர் 26 அன்று உயர் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசர் மொஹான் பீரிஸ், நீதியரசர்கள் ஸ்ரீபவன், ஈவா வனசுந்தர ஆகியோர் அடங்காது என்றனர். அரச காணி குடியரசுக்கே உரியது. மாகாணத்துக்கு ஒப்படைக்கப்பட்ட அளவுக்கு மட்டுமே அதை மாகாணம் பயன்படுத்தலாம்.

அதற்கு ஐந்து நாள் முன்னர்தான் வட மாகாண மக்கள் தங்கள் முதல் மாகாண சபையைத் தெரிவு செய்திருந்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் கிழக்குக் கரையிலும் குடியேற்றம், மேய்ச்சல் தரை, மீனவர் வாடி என்று எல்லாத் தகராறுகளும் காணியில்தான் முடிகின்றன. கரையோர மாகாணங்களின் தன்னாட்சி எதுவரை என்பதை மலையகத் தோட்டக் காணி ஒன்று தீர்த்துவிட்டது. காணி கையில் இல்லாத மாகாணம், சாவி இல்லாத வீட்டுக்காரன்.

எங்கள் மலையக மக்களுக்கு இந்தத் தீர்ப்பின் விலை கண்கூடானது. கண்டியிலேயே கேட்டிருக்கக்கூடிய நிவாரணத்துக்கு நாட்கூலித் தொழிலாளி கொழும்புக்குப் போக வேண்டும்.

மாகாணங்களின் பிரதிநிதிகளும் அமர்ந்து அரச காணிக் கொள்கை வகுக்கத் தேசிய காணி ஆணைக்குழு வேண்டும் என்று அதே 13ஆவது திருத்தம் 1987இலேயே கூறியது. அது இயங்கவே தொடங்கவில்லை. தீர்ப்பைக் கொழும்பு கைக்கொள்கிறது, ஆணைக்குழுவை மறக்கிறது. வடக்கு, கிழக்கு, மலையகப் பிரதிநிதிகள் ஒரே குரலில் முதலில் கேட்க வேண்டியது அந்த ஆணைக்குழுவைத்தான்.