லென்ஸை மாற்றலாமா, வேண்டாமா?

ஒரு மாதமாக என் மேசையில் ஒரு கோப்பு முடிவு ஆகாமல் கிடக்கிறது. அலுவலகத்தில் இருந்த காலத்தில் அடுத்தவர் கோப்புக்கெல்லாம் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி மேலே அனுப்பியவன் நான். சொந்தக் கோப்பு என்றால் பேனா ஓட மாட்டேன் என்கிறது. விஷயம் இதுதான்: கையில் இருக்கும் பழைய மேக்ரோ லென்ஸைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாமா?

ஓய்வு பெற்று, வீட்டம்மாவின் ஊரான காரவள்ளிக்குக் குடிவந்தபோது பொழுதுபோக்குக்கு ஒரு கேனான் கேமராவும் கூட வந்தது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் எங்கள் ஊரிலிருந்துதான் ஆரம்பம். மேலே போனால் மிளகுக் கொடி, காப்பிப் பூ, பட்டாம்பூச்சி. இவற்றுக்காக செகண்ட் ஹேண்டில் ஒரு 100 எம்எம் எஃப் 2.8 மேக்ரோ வாங்கினேன். கேனான் 2000-ல் வெளியிட்ட மாடல். ஒரு எறும்பை அதன் அசல் அளவிலேயே சென்சாரில் பதிக்கும்.

பூச்சி எடுத்துக்கொண்டிருந்தவன் முகம் எடுக்க வந்ததற்குக் காரணம் மலையிலிருந்து வந்த ஒரு குடும்பம். ஆயா இறந்துவிட்டார்கள். மாலை போட்டு மாட்டப் படம் வேண்டும். "இதொண்ணுதானுங்க இருக்குது" என்று வாக்காளர் அட்டையை நீட்டினார்கள். தபால் தலை அளவு முகம். அதைப் பெரிதாக்கினால் என்ன மிஞ்சும்? வெறும் புள்ளிகள்தான். பேத்தி அதையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து பெரியவர்கள் யார் வந்தாலும் திண்ணையில் உட்கார வைத்து, இந்த மேக்ரோவிலேயே ஒரு படம் எடுத்து, அச்சுப் போட்டுக் கொடுத்து வருகிறேன்.

இப்போது தை மாதம் உறவில் ஒரு கல்யாணம். "மாமா, நீங்களும் நாலு படம் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். லென்ஸ் ஆசை அங்கே ஆரம்பித்தது. 2009-ல் வந்த எல் வகை 100 எம்எம் மேக்ரோவில் கை நடுக்கத்தைத் தாங்கும் ஐஎஸ் வசதி உண்டு. விலை என் இரண்டு மாதப் பென்ஷனைத் தாண்டும். எழுபதைக் கடந்த கைக்கு நடுக்கம் சின்ன விஷயமில்லை. ஆகவே பழைய வழக்கப்படி தாளை நடுவில் கோடு போட்டு எழுதினேன்.

புதியதால் லாபம்: சாதாரண தூரத்தில் நாலு ஸ்டாப் வரை நடுக்கம் தாங்கும். என் கேமராவில் 100 எம்எம் லென்ஸைக் கையில் பிடித்தால் ஷட்டர் 160-ல் ஒரு விநாடியாவது வேண்டும். ஐஎஸ் இருந்தால் பத்தில் ஒரு விநாடியிலும் என் கை ஆடாது. ஆனால் மணப்பெண்ணின் கை ஆடுமே! தாலி கட்டும் கையும் ஓடும் குழந்தையும் எனக்காக நிற்குமா? ஐஎஸ் என் ஆட்டத்தை நிறுத்துமே தவிர எதிரே இருப்பவர் ஆட்டத்தை நிறுத்தாது.

இரண்டாவது, வெளிச்சம். பழையதும் எஃப் 2.8, புதியதும் எஃப் 2.8. மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது, இடம். மணமக்களை முழு உருவமாக எடுக்க இந்த லென்ஸுக்கு ஒன்பது மீட்டர் பின்னால் போக வேண்டும். அதற்குள் நான் பந்தியில் நிற்பேன்.

எங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு சொல்கிறது. நானும் ஒரே லென்ஸில் எறும்பு, ஆயா, கல்யாணம் மூன்றையும் வீழ்த்தப் பார்க்கிறேன். ஓரிக்கு முடிந்தது.

சிறு வயதில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் கேமரா லென்ஸுக்கு 'ஒப்ழெக்டிஃப்' என்று பெயர். அதே சொல்லுக்கு 'நோக்கம்' என்றும் பொருள். லென்ஸைத் தேடுபவன் முதலில் நோக்கத்தைச் சொல்ல வேண்டும் என்பது மாதிரி!

சரித்திரமும் அதைத்தான் சொல்கிறது. 1839-ல் டாகேர் முறையை பிரான்ஸ் உலகுக்கு அறிவித்தபோது, படத்துக்கு நிமிஷக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவ்வி வைப்பார்கள். அடுத்த வருஷமே வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர், முகம் எடுப்பதற்கென்றே ஒரு லென்ஸை வடிவமைத்தார். எஃப் 3.6. முன்பிருந்ததைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டது. ஓரங்கள் தெளிவில்லாமல்தான் விழும். மனிதரை எடுக்க முதலில் தேவைப்பட்டது வெளிச்சம். எறும்பின் மீசை வரை தெரியும் நுணுக்கம் பிறகுதான்.

ஆகவே கோப்பில் இப்படி எழுதி முடித்தேன். பெரியவர்கள் முகத்துக்குப் பழைய மேக்ரோவே போதும். அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஓட மாட்டார்கள். கேமராவை முக்காலியில் வைத்துவிட்டால் என் நடுக்கம் படத்தில் ஏறாது. இரண்டு மீட்டர் தூரத்தில், எஃப் 2.8-ல், தெளிவாக விழுவது சுமார் நாலு சென்டிமீட்டர் ஆழம்தான். அதனால் கண்ணில் ஃபோகஸ் வைக்க வேண்டும். லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் லிமிட்டர் பொத்தானைத் தூரப் பக்கம் தள்ளிவிட்டால், பூச்சி தூரத்துக்கெல்லாம் போய்த் தேடிக்கொண்டிராது.

கல்யாணத்துக்கு ஒரு 50 எம்எம் எஃப் 1.8. மேக்ரோவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே வரும், பின்னால் போக வேண்டிய தூரம் பாதி, விலையும் எல் லென்ஸில் சிறு பங்குதான். மிச்சப் பணம் அச்சுக்கும் சட்டத்துக்கும். போன மாதம் ஒரு அம்மா தன் படத்தைப் பார்த்து, "சுருக்கமெல்லாம் தெரியுதுங்களே" என்றார். கூட வந்த மகன், "அதுதான் அம்மா நீ" என்றான். அந்தப் படத்துக்கு ஐஎஸ் தேவைப்படவில்லை.

கை இன்னும் அதிகம் நடுங்கும் காலம் வரும், அப்போது இந்தக் கோப்பை மறுபடி திறக்கலாம். நம் வயது நண்பர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கைப்பேசியிலாவது உங்களை ஒரு நல்ல படம் எடுக்கச் சொல்லி, அச்சுப் போட்டு அலமாரியில் வையுங்கள். வாக்காளர் அட்டையை நம்பாதீர்கள். என் படத்தை எடுக்கத்தான் இங்கே ஆள் இல்லை. வீட்டம்மாவுக்கு ஷட்டர் அழுத்தக் கற்றுக்கொடுத்து வருகிறேன். "மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வையுங்க" என்கிறாள். எந்த லென்ஸ் என்று அவள் இதுவரை கேட்கவில்லை.