பாசியென்று பெயரிட்டவன்

மன்னார்க் கரையிலே கரைவலை இழுத்து முடிந்த ஒரு காலைப்பொழுதில், சாதாளைக் குவியலுக்கிடையே கிடந்த அதனை அவன் கண்டெடுத்தான். ஏறத்தாழ ஒரு சாண் நீளம், கபில நிறம், நடுவே ஒரு தண்டு, அதன் இருமருங்கும் ஒழுங்காக நிரைத்த சிறு கிளைகள். பறவையொன்று உதிர்த்த இறகென்றே சொல்லலாம். தாவரவியல் மாணவனாகிய அவன், தன் சேகரிப்பிற்கு அரியதொரு பாசி வாய்த்ததென மகிழ்ந்தான். அருகே வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர், “தம்பி, உதைக் கையாலை தொடாதையும், கடிக்கும்” என்றார். அவன் சிரித்துக்கொண்டே எடுத்துப் பையிலிட்டான். மாலையில் விரலிடுக்குகளிலே சிவந்த தடிப்புகள் எழுந்து இரு நாட்கள் எரிந்தன. அப்பொழுதும் அவன் குறிப்பேட்டில் எழுதியது ‘சுணையுள்ள பாசி’ என்பதே.

முதியவர் சொன்ன சொல்லின் நுட்பம் அவனுக்குப் புலப்பட ஓராண்டு சென்றது. காஞ்சோன்றி சுணைக்கும், பூனைக்காலி சுணைக்கும், கடிப்பது விலங்கன்றோ? அந்த ஓராண்டும் போத்தல் துறையின் அலுமாரியிலே பாசிகளோடு பாசியாய் நின்றது. பின்வந்த மாணவர் அதனைப் பார்த்துப் படம் வரைந்தனர். அவன் எழுதிய பெயரையும் பிழையின்றிப் பிரதிசெய்தனர்.

விலங்கியல் பயின்ற தோழனொருவன் ஒருநாள் அதன் கிளையொன்றை நறுக்கி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தான். கிளையின் ஒரு பக்கத்தில் மாத்திரம் சிறு கிண்ணங்கள் நெருங்கி நிரையாய் நின்றன. அவற்றின் விளிம்புகளிற் பற்கள் இருந்தன. ஒவ்வொரு கிண்ணத்துள்ளும் ஒரு பொலிப்பு சுருங்கிக் கிடந்தது. கிண்ணத்தையடுத்து மூன்று குறுங்குழல்கள், முன்னே ஒன்றும் இருபுறமும் ஒவ்வொன்றுமாக அமைந்திருந்தன. விரல்களைச் சுட்ட கொட்டும் கலங்கள் அவற்றிலே செறிந்திருந்தன. ஒரு பொலிப்பு உண்ட உணவு தண்டின் உட்குழாய் வழியே ஏனையவற்றையும் சென்றடையும். இலையென்று அவன் எண்ணியது குழிக்குடலிகளின் குடியிருப்பு.

பெயர் காண்பது அதன்பின்னும் எளிதாயிருக்கவில்லை. கிண்ணங்கள் கிளையின் இருபக்கமும் இருந்திருப்பின் அது செற்றுலேரியா. கிண்ணமே இன்றிப் பொலிப்புகள் வெறுமையாய் நின்றிருப்பின் பென்னாரியா. விளிம்பிற் பல்லின்றிக் கிண்ணங்கள் இடைவிட்டு நின்றிருப்பின் புளுமுலேரியா. இவை யாவும் இறகு வடிவினவே; வெறுங்கண்ணை நம்பினால் மயக்கம் தீராது. (மேலைநாட்டிலே செற்றுலேரியாவை உலர்த்திப் பச்சைச் சாயமேற்றி, நீர் வேண்டாத செடியென விற்றவரும் உளர்.) இறுதியில் உதவியது ஒரு கூடை. இரண்டோரிடங்களிலே கிளைகள் திரிபுற்று, விலாவெலும்புகள் வளைந்து மூடியதுபோலச் சிறு கூடைகளாகி, இனப்பெருக்க உறுப்புகளைப் பொதிந்து வைத்திருந்தன. அவ்விலாக்களின் அடியிலே கிண்ணமெதுவும் இல்லாமையால் லைற்றோகார்ப்பியாவும் விலக்கப்பட்டு, அக்லாவோபீனியா என்ற சாதிப்பெயர் நிலைத்தது. இனப்பெயரை எழுத அவன் துணியவில்லை.

இவ்வாறு மயங்கியவருள் அவன் முதல்வனல்லன். இலண்டன் வணிகரான யோன் எல்லிசு, 1751 இல் தமக்கு வந்த கடற்பூண்டுகளைத் தாளிலே பரப்பி நிலக்காட்சிகள் அமைத்து மகிழ்ந்தவர். அவற்றுட் பல விலங்குகளெனப் பின்னர் தெளிந்து 1755 இல் நூலெழுதினார். அவனை உறுத்தியது எல்லிசின் கதையன்று. முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராயவந்த பேராசிரியர் ஏட்மன் 1902 இல் இந்நாட்டுக் கடலிலே திரட்டிய ஐதரோயிட்டுகளைத் தோண்லி அம்மையார் 1904 இல் விவரித்திருந்தார். அவ்வறிக்கை நூலகத்திலேயே இருந்தது. பாசி நூல்களின் வரிசையை விட்டு அவன் ஓரடி நகர்ந்ததில்லை.

விரிவுரையாளரிடம் சென்று பிழையை ஒப்புக்கொண்டான். படம் வரைந்த மாணவரைத் தேடித் தேடிச் சொன்னான். இருவர் அதற்குள் பரீட்சையிலும் அவ்வாறே எழுதிவிட்டிருந்தனர். போத்தல் விலங்கியல் அலுமாரிக்கு மாறியது. புதிய பெயர்ச்சீட்டிலே ‘உள்ளூர்க் குறிப்பு’ என்ற இடத்தில் ‘கடிக்கும்’ என்று எழுதினான். அதன் கீழே, தகவல் தந்தவர் பெயர் என்ற இடம் வெறுமையாய்க் கிடந்தது. அன்று கரையிலே அவன் அதனைக் கேட்டிருக்கவில்லை.