அடுத்து எதை வாசிப்பது?

ஒரு கிராமத்து வாசகர் வட்டம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து உயிரோடிருப்பது சிறிய காரியமன்று. வலிகாமத்தில் எமது ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் 1974 இல் பதினொரு பேர் கூடித் தொடங்கியது எமது வட்டம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது, நாம் இரவல் பெற்று வந்த ஊற்றே வற்றிப்போயிற்று. அங்கத்தவர் ஒருவர் தவணை கடந்தும் திருப்பிக் கொடாது வைத்திருந்த ஒரு நூல் மட்டும் தப்பியது. அவரைக் கண்டிக்க அதன் பின்னர் எவருக்கும் மனம் வரவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஊரோடு வட்டமும் சிதறியது. 2002 போர்நிறுத்தத்தின் பின் மீண்டு வந்தவர்கள், வாசிகசாலைக் கட்டடம் இடிந்து கிடந்தமையால், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தையிற் கூடத் தொடங்கினர். அன்று தொட்டு போயா விடுமுறைதோறும் பிற்பகல் நான்கு மணிக்கு அங்கேதான் கூட்டம்.

வாசிப்பதிலும் பார்க்க, எதை வாசிப்பதென்று தீர்மானிப்பதே எமக்கு என்றும் பெரும்பாடாக இருந்து வந்துள்ளது. ஆரம்பத்தில் படித்தவர் ஒருவர் சொல்வார், ஏனையோர் தலையசைப்பர். பின்னர் சீட்டெழுதிக் குலுக்கினோம். உத்தரமேரூர்க் குடவோலையை எண்ணி நாம் பெருமைப்பட்டதுண்டு. ஆனால் குடத்துள் இடப்படும் பெயர்களை எழுதியவர்கள் யாவர் என்ற கேள்வியை எவரும் எழுப்பவில்லை. இப்பொழுது கையுயர்த்தித் தெரிவு செய்கிறோம். நூலின் விலையும் ஒரு வாக்காளன்தான். 2022 இல் தாள் தட்டுப்பாட்டால் மேல்மாகாணப் பாடசாலைகளின் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட நாட்டில், ஒரு நாவலுக்குப் பதினைந்து பிரதிகள் வாங்குவது எம்மாலாகுமா? ஒரு பிரதியைக் கைமாற்றி வாசிப்போம். அல்லது 2005 இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் இருப்பவற்றை இளையோர் தொலைபேசியில் இறக்கி உரத்து வாசிக்க, கண் மங்கியோர் கேட்பர்.

சென்ற போயா தினத்தன்று இரு நூல்கள் முன்மொழியப்பட்டன. ஒன்று மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'. 1944 இல் சிங்களத்தில் வெளிவந்த இந்நாவலை எம். எம். உவைஸ் தமிழாக்கியுள்ளார். தென்னிலங்கைக் கிராமத்தின் பழைய குடும்பமொன்று சரிவதையும் புதிய பணம் தலையெடுப்பதையும் காட்டுவது. அயல் மொழியினரின் வாழ்வை அறியாமலே அவர்களோடு பகைத்தும் நட்புக் கொண்டாடியும் வந்த நமக்கு அது வேண்டிய நூலே. அதில் எனக்கு ஐயமில்லை.

மற்றது கே. டானியலின் 'பஞ்சமர்'. 1972 இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தின் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயங்களுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் நுழைய நடத்திய போராட்டங்களை அம்மக்களின் பேச்சு மொழியிலேயே எழுதியது. பொது இடங்களில் தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகளாக எண்ணற்ற நூல்களை வாசித்த எமது வட்டத்தின் பட்டியலில் இந்நாவல் ஒரு முறையேனும் இடம்பெறவில்லை. தற்செயல் என்பாரும் உளர். ஐம்பது ஆண்டுத் தற்செயலை நான் நம்புவதற்கில்லை.

முன்மொழிந்தவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயிலும் ஒரு பெண். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் உடனே மறுத்தார்: "உதெல்லாம் முடிஞ்ச கதை. இப்ப ஆர் உப்பிடிப் பாக்கினம்? கிளறி என்ன பயன்?" ஞாயிறு பத்திரிகையின் மணமகன் தேவைப் பத்தியைப் படிக்கும் எவரும் அதை முடிந்த கதை என்று கூற மாட்டார். இதனை நான் அங்கேயே சொன்னேன். அவர் பத்திரிகை வாங்குவதில்லையாம்.

எதிர்பாராத மறுப்பு வேறிடத்திலிருந்து வந்தது. அப்பெண்ணின் பாட்டனார் சீவல் தொழில் செய்து ஓய்ந்தவர். பதினைந்து ஆண்டுகளாக ஒரு கூட்டமும் தவறாதவர். விறாந்தையின் ஓரத்துக் கதிரையிலேயே அமர்பவர். அவர் மெல்லச் சொன்னார்: "மாஸ்டர், உது எங்கட வீட்டுக் கதை. நீங்கள் வாசிச்சுப்போட்டு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடுவியள். பிறகு தேத்தண்ணி வரும், குடிச்சுப்போட்டு எழும்புவியள். நான் அந்தக் கதைக்குள்ளை இருந்துகொண்டெல்லோ வீட்டை போகவேணும்."

முற்போக்கு எழுத்தைப் பற்றி நாம் ஆண்டுக்கணக்காகப் பேசியவற்றுள் இதற்கு விடை இல்லை. இலக்கியம் எவருடைய துன்பத்தைப் பேசுகின்றதோ அவரே, 'பலர் முன் அதைப் பேச வேண்டாம்' என்னும்போது, நூலின் பெருமையை எடுத்துரைப்பது மரியாதைக் குறைவு. ஆயினும் அவருக்காக நாம் மௌனம் காப்பதில், அந்த விறாந்தையின் ஏனைய கதிரைகளுக்கும் ஒரு சுகம் உண்டு என்பதை மறைத்தற்கில்லை. வீட்டின் முற்றத்துக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும் நிறுத்தியவர்களின் வழித்தோன்றல்களும் ஒரே விறாந்தையிலிருந்து ரஷ்ய நாவல்களை விமர்சித்து வந்தோம். தொலைதூரத்துப் பண்ணையடிமைகளுக்காக மனமுருகுவது எளிது.

பேர்த்தி விட்டாளில்லை. "அப்பு, நீங்கள் ஒருநாளும் எனக்கு அந்தக் கதையைச் சொல்லேல்லையே. புத்தகத்தாலையாவது நான் அறிய வேண்டாமே?"

கிழவர் நெடுநேரம் பேசவில்லை. எழுதுவினைஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கிழவர் தலைமையாசிரியரை நேராக நோக்கி, "வாசிக்கிறதெண்டால் இந்த விறாந்தையிலை வேண்டாம். எங்கட பக்கத்து வாசிகசாலையிலை வாசிப்பம். தேத்தண்ணியும் நாங்கள் தாறம்" என்றார்.

அந்த வாசிகசாலை இங்கிருந்து அரை மைல் தூரமுமில்லை. எம்மவரிற் பலர் அதன் வாயிற்படி ஏறியதில்லை. "அண்ணை, நான் வாறன்" என்று தலைமையாசிரியர் முதலிற் கூறினார். அவர் குரல் சற்று நடுங்கியது. வயது காரணமாகவும் இருக்கலாம். கையுயர்த்தியவர்கள் ஒன்பது பேர், உயர்த்தாதவர்கள் நால்வர். அவர்களுள் இருவர் அடுத்த மாதம் வரமாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். 'கம்பெரலிய' அதற்கடுத்த முறைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அட்டை கிழிந்த பழைய பிரதி ஒன்றே கைவசம் உண்டு. ஆளுக்கு மூன்று நாள் என்று முறை வகுத்தோம். வழக்கம்போலத் தலைமையாசிரியரிடம் முதலிற் கொடுக்க முற்பட்டபோது, அவர் அதைப் பேர்த்தியிடம் நீட்டினார். அவள் வாங்கிப் பாட்டனாரின் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.