காப்பிக்கொட்டைக்கு ஒரு பேர்

வாஷியில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் முதல் கவலை காப்பிப்பொடி டப்பாதான். மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும், பொடி நமுத்துப் போய் டிகாக்ஷன் இறங்க அடம் பிடிக்கும். மாதுங்கா வரை போய் அரைத்து வாங்கிவந்த பொடியாச்சே, மனசு கேட்காது.

இதே மழைக்காற்றை வைத்துக் காசு பண்ணுகிறவர்களும் உண்டு. மங்களூர் பக்கத்துக் கிடங்குகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டையைப் பரப்பி, கிளறிக் கொடுத்து, வேண்டுமென்றே ஈரக்காற்றை ஏற்றுவார்கள். கொட்டை உப்பி, வெளிர்மஞ்சளாகி, புளிப்பு அடங்கிவிடும். 'மான்சூன்ட் மலபார்' என்று பேர். பாய்மரக் கப்பல் காலத்தில் மாதக்கணக்கில் கடல்காற்று பட்டு வந்த ருசி அது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து பயணம் சுருங்கியதும் ருசி மாறிப்போக, ஐரோப்பாக்காரர்களுக்காக அதைக் கரையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "பொடி விலை இப்படி ஏறிடுச்சே, தோட்டக்காரருக்கு நல்ல காசுதானே?" என்று வீட்டில் கேட்டார்கள். பேங்க்காரனிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும் :-)

1942-ல் காப்பிச் சட்டம் வந்த பிறகு, விளைந்ததை எல்லோரும் காப்பி போர்டிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் ஒரே குவியல். பணம் தவணை தவணையாக வரும். யார் தோட்டத்துக் கொட்டை என்ற பேச்சே கிடையாது. 1990-களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996-ல்தான் முழு விளைச்சலையும் தாங்களே விற்க விட்டார்கள்.

நல்ல சேதிதான், ஆனால் வந்த நேரம் சரியில்லை. உலக நாடுகளின் ஏற்றுமதிக் கோட்டா ஒப்பந்தம் 1989-லேயே உடைந்துவிட்டது. வியட்நாம் ரொபஸ்டாவைக் கொண்டுவந்து கொட்டியது. 2001-ல் நியூயார்க்கில் அராபிகா விலை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. அதே நியூயார்க்கில் 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் வறட்சி என்றால் தாண்டிக்குடியில் விலை ஏறும். அங்கே மழை பெய்தால் இங்கே இறங்கும்.

கடன் தவணைக்கு நியூயார்க் விலை தெரியாது. அராபிகா பறிக்கும் மாதங்களில்தான் கூலியும் கொடுத்தாக வேண்டும். கையிருப்பு உள்ளவர் நல்ல விலைக்குக் காத்திருப்பார். இல்லாதவர் பறித்த கையோடு வியாபாரியிடம் போட்டுவிடுவார். நம் நாட்டில் காப்பி போடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் 10 ஹெக்டேருக்குள் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். ஏறின விலை அவர்களுக்கு எட்டுவதற்குள் சரக்கு கைமாறியிருக்கும்.

இதற்கு ஒரு வழிதான் 'ஸ்பெஷாலிட்டி' காப்பி. ருசி பார்க்கிறவர்கள் 100-க்கு 80-க்கு மேல் மார்க் போட்டால் அந்தத் தகுதி. சந்தை விலைக்கு மேலே தனி விலை. ஆந்திராவில் அரக்கு பழங்குடி விவசாயிகள் காப்பி பாரிஸ் வரை போய், 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் பழுத்த பழத்தை மட்டும் பொறுக்க ஒரே செடிக்கு நாலைந்து தடவை போக வேண்டும். ஆள் கிடைப்பதில்லை. அராபிகாவுக்குத் தண்டுத் துளைப்பான் வேறு. நம் விளைச்சலில் சுமார் 70 சதவீதம் ரொபஸ்டாவாகிப் போனதற்கு இதெல்லாமும் காரணம்.

போதாக்குறைக்கு ஐரோப்பிய யூனியனின் 2023 சட்டம். 2020-க்குப் பிறகு காடு அழித்த நிலத்துக் காப்பி இல்லை என்று, தோட்டம் இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். அமல் தேதி தள்ளித் தள்ளிப் போனாலும், பெரிய எஸ்டேட்டுக்கு இது ஒரு கம்ப்யூட்டர் வேலை. இரண்டு ஏக்கர்காரருக்கு? நமது காப்பியில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்றுமதிதான், அதில் இத்தாலியும் ஜெர்மனியும் பெரிய வாடிக்கை. தட்டிக் கழிக்க முடியாது.

ஒன்று கவனித்தீர்களா? கடையில் நாம் "பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி" என்கிறோம். ஒன்று கொட்டையின் வடிவம், மற்றது பக்குவமும் அளவும். எந்த ஊர் என்று இரண்டிலும் இல்லை. அடுத்த முறை அரைக்கும்போது, "இது எந்த மலைக் கொட்டை?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஏற்காடா, வால்பாறையா, கூர்க்கா என்று கடைக்காரர் சொல்ல ஆரம்பித்தால், அங்கே செடி வைத்திருப்பவருக்கும் பேரம் பேச ஒரு பேர் கிடைக்கும்.