திரும்பி வந்த ஏடு

எழுதி முடித்ததைத் திருத்தித் தருக என்று பிறர் பணிக்கும்போது நெஞ்சில் எழும் சினத்தை நான் நன்கறிவேன். பல்லாண்டுகளுக்கு முன் நான் எழுதிய நாடகமொன்று, முடிவு சோர்வளிக்கிறது என்னும் குறிப்போடு திரும்பி வந்தது. மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. நான்காம் நாள் கேட்டதை மட்டும் செய்தேன். கடைசிக் காட்சியை வெட்டி வேறொன்றை ஒட்டினேன். நாடகம் மேடையேறியது. ஒட்டுப் போட்ட இடம் இன்றளவும் என்னை உறுத்துகிறது.

அந்த உறுத்தலோடுதான் ருஷிய இசைமேதை முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கொதுனோவ்' என்னும் ஓபரா உருவான வரலாற்றைப் படித்தேன். ஓபரா என்பது பாடியே நடிக்கப்பெறும் இசை நாடகம். அதன் பாடல் நூலைக் கவிஞர் ஒருவர் இயற்றித் தர, இசைவாணர் அதற்கு இசையமைப்பது பொதுவான வழக்கம். முசோர்க்ஸ்கியோ இரண்டையும் தாமே செய்தார்.

1868-இல் அவர் கோகோலின் 'திருமணம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை, உரைநடை வசனத்தைச் சொல் மாற்றாமல் இசைப்படுத்திப் பார்த்தார். ஓர் அங்கத்தோடு அதை நிறுத்திவிட்டுப் புஷ்கினின் நாடகத்தின்பால் திரும்பினார். சிறுவனான இளவரசனைக் கொல்வித்தான் என்னும் பழியைச் சுமந்து 1598 முதல் 1605 வரை அரசாண்ட மன்னன் போரிஸின் கதை அது. இசையமைப்பாளர் கிளிங்காவின் சகோதரி ஷெஸ்தகோவா அம்மையார், அந்நூலைப் பக்கத்துக்குப் பக்கம் வெற்றுத்தாள் இடைவைத்துத் தைத்து அவருக்கு அளித்தாராம். இதைவிடச் சிறந்த பரிசை ஓர் ஆசிரியனுக்கு யார் தர இயலும்? ஒரு புறம் புஷ்கின், மறுபுறம் வெண்மை!

அரசாங்க வனத்துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அவர் எழுதினார். புஷ்கினின் இருபதுக்கும் மேற்பட்ட காட்சிகளை ஏழாகச் சுருக்கினார். 1869-இல் ஓபரா முற்றுப்பெற்றது. 1871-இல் அரசவை அரங்கக் குழு அதனை மறுத்தது. முதன்மையான பெண் பாத்திரம் இல்லை என்பது அவர்கள் கூறிய பெருங்குறை.

இனித்தான் நான் வியந்து நின்ற இடம். குழுவின் குறையைப் போக்க ஒரு நாயகியைச் சேர்த்தாலே போதும். அவரும் போலந்து நாட்டுச் சீமாட்டி மரீனாவுக்கென ஓர் அங்கத்தையே படைத்தார். புஷ்கினில் இல்லாத ரங்கோனி என்னும் சூழ்ச்சிக்காரப் பாதிரியையும் புகுத்தினார். ஆனால் அத்தோடு அமையவில்லை. எவரும் கேளாமலே விடுதிக்காரிக்கும் செவிலிக்கும் பாட்டுகள் எழுதினார். மன்னனின் தனிமொழியைப் புஷ்கினிலிருந்து வெகுவாக விலக்கித் தம் சொற்களில் மீண்டும் யாத்தார். இதனைப் பணிவு என்பதா, பிடிவாதம் என்பதா? பிடிவாதம் என்றே நான் சொல்வேன்.

இழப்பும் இல்லாமலில்லை. முதல் ஏட்டில், தேவாலயத்தின் முன் ஒரு பித்தனிடம் சிறுவர்கள் ஒரு காசைப் பறித்துக்கொள்வர். அவன் மன்னனிடம், "நீ இளவரசனைக் கொன்றாயே, அதுபோல் இவர்களையும் கொல்" என்னும் பொருள்பட முறையிடுவான். குற்றவாளியின் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொல்லும் அக்காட்சியைத் திருத்திய ஏட்டில் முசோர்க்ஸ்கி அறவே நீக்கிவிட்டார். அதற்கு ஈடாகக் குரோமி என்னும் ஊரருகே மக்கள் கிளர்ந்தெழும் காட்சியை எழுதினார். பித்தனையும் காசையும் அவனது ஒப்பாரியையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். மன்னன் மாண்டபின் வரும் இறுதிக் காட்சி அது. பித்தனின் அழுகை இப்போது ஒருவனைச் சுட்டவில்லை, நாட்டுக்காகவே அழுகிறது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெற்றிருக்கிறார். மன்னனை நோக்கிய அந்த ஒற்றை வாக்கியத்தை நான் கொடுத்திருக்க மாட்டேன்.

1874-இல் இத்திருத்திய ஏடே பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. 1881-இல், 42-ஆம் வயதில், அவர் மறைந்தார். பிற்காலத்தார்க்கு இரண்டு காட்சிகளுள் எதையும் விட மனமில்லை. இரண்டையும் ஒரே இரவில் நடிக்கும் அரங்குகள் பல உண்டு. அங்கே பெரும்பாலும் அப்பித்தன் இருமுறை ஒப்பாரி வைக்கிறான்.