கேசட் கெட்டுப்போகவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய வீடியோ கேசட் வைத்திருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள்.

1999ஆம் ஆண்டு நடந்த நம் பள்ளி ஆண்டு விழா உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் எட்டுப் பேர் கோலாட்டம் ஆடினார்கள். அதில் பச்சைப் பாவாடை கட்டி ஆடிய பிள்ளை இன்று நம்மோடு இல்லை. யாரென்று அந்த வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

போன தை மாதம் சந்தையில் அவள் அம்மாவைப் பார்த்தேன். "டீச்சர், அன்னைக்கு வீடியோ எடுத்தாங்களே, அது இருக்குமா? அவ ஆடுறத ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றார். அவர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு போட்டோதான்.

கேசட் என் பீரோவில் இருந்தது. டவுனில் ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வாங்கினேன். நான் ஓய்வுபெறும் சமயத்தில் கொரோனா வந்ததும், பாடங்களை வீடியோவாக எடுத்து அனுப்பப் பழகியதும் உங்களுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் கோலாட்டம் வரும் ஏழு நிமிடத்தை நானே வெட்டி எடுக்கலாம் என்று லேப்டாப்பில் உட்கார்ந்தேன்.

எடிட்டிங் சாப்ட்வேர் முதலில் கேட்பது புராஜெக்ட் செட்டிங். படம் என்ன அளவு, நொடிக்கு எத்தனை ஃபிரேம். பெரிய எண் போட்டால் நன்றாக வரும் என்று நினைத்து, போனில் எடுக்கும் வீடியோவுக்குப் போடுவது போலவே 1080, 30 என்று போட்டேன்.

வந்ததைப் பார்த்ததும் மனசு உடைந்துவிட்டது. குச்சி அசையும்போதெல்லாம் அதன் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக நின்றது. பிள்ளைகள் சுற்றும்போது முகமே கிழிந்த மாதிரி இருந்தது. நடுநடுவே ஆட்டம் தடுக்கித் தடுக்கிப் போனது. அந்த அம்மாவுக்குப் போன் செய்து, "கேசட் கெட்டுப்போச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். "பரவால்ல டீச்சர், எனக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆடத் தொடங்கும் முன் எட்டுப் பேரும் கைகூப்பி நிற்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு கோடும் இல்லை, முகம் தெளிவாக இருக்கிறது. அசைந்தால்தான் கோடு வருகிறது. கேசட் கெட்டிருந்தால் நிற்கும்போதும் கெட்டுத்தானே தெரிய வேண்டும்?

காலையில், இப்போது கல்யாண வீடியோ எடுக்கும் நம் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் செய்தேன். வகுப்பில் கடைசி பெஞ்ச். "டீச்சர், கேசட்ல தப்பில்ல, செட்டிங்லதான் தப்பு" என்றான். அவன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததை என் பாணியில் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5 என்று ஒற்றைப்படைக் கோடுகளில் மட்டும் நீலப் பென்சிலால் ஒரு குச்சி வரையுங்கள். பிறகு அதே குச்சியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, 2, 4, 6 என்று இரட்டைப்படைக் கோடுகளில் சிவப்பால் வரையுங்கள். இப்போது முழுப் பக்கத்தையும் பார்த்தால் சீப்புப் பல் தெரியும். அதுதான் நான் பார்த்தது.

நம் நாட்டுப் பழைய டிவியும் கேசட்டும் பால் என்ற முறையில் ஓடின. நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் இரண்டு பாதி. முதலில் ஒற்றைக் கோடுகள், நொடியில் 50இல் ஒரு பங்கு கழித்து இரட்டைக் கோடுகள். அப்படிப் பார்த்தால் நொடிக்கு 50 பாதிப் படம். இதற்கு இன்டர்லேஸ் என்று பெயர். முழுப் படத்தை 25 தடவை மட்டும் காட்டினால் கண்ணுக்கு மினுக்மினுக்கென்று இருக்கும். முழுசாக 50 தடவை அனுப்ப அந்தக் காலத்து அலைவரிசையில் இடம் போதாது. அதனால் கண்டுபிடித்த நடுவழி இது. பழைய பெட்டி டிவி எடுத்த வரிசையிலேயே பாதி பாதியாக வரைந்தது, நமக்குத் தெரியவில்லை. லேப்டாப் எல்லாக் கோட்டையும் ஒன்றாகக் காட்டுகிறது. இரண்டு வெவ்வேறு கணங்கள் ஒரே படத்தில் மாட்டிக்கொள்கின்றன.

தடுக்கலுக்கு வேறு காரணம். இருப்பது 25 படம், நான் கேட்டது 30. இல்லாத ஐந்துக்கு எங்கே போகும்? ஒவ்வொரு ஐந்து படத்துக்கும் ஒன்றை இரண்டு தடவை காட்டிச் சமாளிக்கிறது.

சரிசெய்த விதம் இது. கடையில் கொடுத்த மூலக் கோப்பிலிருந்தே மறுபடி தொடங்கினேன். நான் கெடுத்து எடுத்த கோப்பைத் திருத்த முடியாது. டீஇன்டர்லேஸ் செய்யும்போது பாப் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தேன். அது ஒவ்வொரு பாதியையும், நடுவில் விட்ட கோடுகளைப் பக்கத்துக் கோடுகளைப் பார்த்து நிரப்பி, ஒரு முழுப் படமாக்கும். நொடிக்கு 50 படம் கிடைக்கும். 25 போதுமென்று எடுத்தால் பாதி அசைவு போய்விடும். கோலாட்டத்துக்கு அது கூடாது. அதனால் புராஜெக்ட்டையும் 50 புரோகிரஸிவ் என்று வைத்தேன்.

இன்னும் இரண்டு விஷயம். எந்தப் பாதி முதலில் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் கை முன்னே போய்ப் பின்னே வந்து நடுங்கும். அப்படித் தெரிந்தால் மற்றதைப் போட்டுப் பாருங்கள். அடுத்தது, பழைய படம் 4:3 அளவு. அகலத் திரையை நிரப்ப இழுக்காதீர்கள், பிள்ளைகள் எல்லாம் குண்டாகிவிடுவார்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். முதலில், "கேசட் கெடலம்மா, எனக்குத்தான் தெரியல" என்று சொன்னேன். டிவியில் போட்டோம். குச்சி ஒவ்வொன்றும் தனித்தனியாக, அன்று கண்ணால் பார்த்த மாதிரி ஓடியது. அவர் மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை, "பாருங்க டீச்சர், எல்லாரும் வலது கையால அடிக்கறாங்க, இவ மட்டும் இடது கையத்தான் முதல்ல நீட்டறா" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. வலது கையால்தான் எழுத வேண்டும் என்று அந்த இடது கை விரல்களில் ஸ்கேலால் தட்டியவள் நான். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை, நினைவிருந்ததா என்றும் தெரியாது. அங்கேயே அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னொரு தடவ போடுங்க டீச்சர்" என்றார். போட்டேன்.

அந்த எட்டுப் பேரில் மற்ற ஏழு பேரும் இதைப் படித்தால் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட் இருக்கும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் முன் ஏற்றி வாங்குங்கள். பார்த்ததும் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் செட்டிங்கைப் பாருங்கள்.

எல்லோரும் நல்லா இருங்க.
உங்கள் டீச்சர்