சுற்றுப் பயணச் சீட்டும் அம்மாவின் நேர்ச்சையும்

திருயாத்திரை என்றதும் நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "செலவு எவ்வளவு ஆகும்?" என்பதே. அது தவறான கேள்வியன்று. உழைத்துச் சேர்த்த பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவிடுவது குடும்பத்தாரின் கடமை. ஆயினும் அந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை எங்கள் இல்லத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எங்களுக்கு உணர்த்திற்று.

எங்கள் பிள்ளைப் பருவத்தில் தம்பி கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பிழைத்தெழுந்தால் குடும்பத்தோடு கோவா சென்று புனித சவேரியாரின் திருக்கல்லறையில் நன்றி செலுத்துவதாகத் தந்தையார் நேர்ந்துகொண்டார். தம்பி பிழைத்தான். பயணம் மட்டும் ஆண்டுக்காண்டு தள்ளிப்போயிற்று. நேர்ச்சையை நிறைவேற்றாமலே தந்தையார் கண்மூடினார். 74 வயதான அம்மா, "என் கால் நடக்கும்போதே அந்தக் கடனைத் தீர்த்துவிடுங்கள்" என்றார்கள். பிள்ளைகளின் கோடை விடுமுறையில் ஐவரும் புறப்படுவதென முடிவு செய்தோம்.

திருச்சி நிலையத்தில் விசாரித்தபோது, வயதில் மூத்த அலுவலர் ஒருவர் சுற்றுப் பயணச் சீட்டைப் பற்றி எடுத்துரைத்தார். புறப்பட்ட நிலையத்திலேயே வந்து முடியும் பயணத்துக்கு இரயில்வே வழங்கும் சீட்டு இது. வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போவது இரயில்வேயின் வழக்கம். ஊருக்கு ஊர் தனிச்சீட்டு வாங்கினால், ஒவ்வொரு முறையும் குறுந்தூரக் கட்டணத்திலிருந்தே தொடங்க வேண்டும். சுற்றுப் பயணச் சீட்டிலோ, மொத்தத் தூரத்தை இரண்டாகப் பகுத்து, இரண்டு நெடும் பயணங்களாகவே கணக்கிடுகிறார்கள். ஆதலால் செலவு குறைகிறது. முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட பின்னர், எங்களைப் போன்றோருக்கு இது பெரும் ஆறுதலன்றோ!

வீடு திரும்பியதும் தாளையும் பேனாவையும் எடுத்தோம். எட்டு இடங்களில் தங்கலாம் என்றால் ஏழில் நிறுத்துவானேன்? சென்னை, மும்பை, கோவா, மங்களூர், எர்ணாகுளம், கோட்டயம், திருவனந்தபுரம், நாகர்கோவில் என்று எட்டையும் நிரப்பினோம். பன்னிரண்டு நாட்களுக்குள் அத்தனையும்! கோவாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகற்பொழுது. கட்டணத்தில் மிச்சமாகும் தொகையைக் கூட்டிப் பார்த்துப் பூரித்துப்போனோம்.

அன்றிரவு செபமாலை முடிந்ததும் அந்தத் தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனப்பா, சவேரியாரிடம் முழங்காலிட எனக்கு எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார்கள்.

எங்களால் பதில் சொல்ல இயலவில்லை. எந்த நேர்ச்சைக்காகப் புறப்பட்டோமோ, அதுவே எங்கள் கணக்கில் மிகச் சிறிய இடத்தைப் பெற்றிருந்தது. சீட்டு எங்களுக்காக என்பதுபோய், நாங்கள் சீட்டுக்காக என்றாகிவிட்டிருந்தது.

மறுநாள் தாளைப் புதிதாக எழுதினோம். மும்பையை விட்டுவிட்டு, சென்னையிலிருந்து குண்டக்கல், ஹுப்பள்ளி, லோண்டா வழியாகக் கோவா; அங்கிருந்து கொங்கண் பாதையில் மங்களூர், பின்னர் கேரளம், நாகர்கோவில், மதுரை, திருச்சி. ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். தங்குமிடங்கள் நான்கே: சென்னை, கோவா, கோட்டயம், நாகர்கோவில். தூரம் குறைந்ததால் மிச்சமும் குறைந்தது. ஆயினும் தனிச்சீட்டுகளைவிட ஆதாயமே.

பழைய கோவாவுக்கு அருகிலுள்ள நிலையம் கர்மலி. குழந்தை இயேசு பேராலயத்தில், உயரத்தில் வைக்கப்பட்டுள்ள வெள்ளிப் பேழையை அம்மா அண்ணாந்து பார்த்தார்கள். பின்னர் கண்களை மூடி அமர்ந்தார்கள். ஒரு முற்பகல் முழுவதும் எழவில்லை. அவர்களை எழுப்ப எங்களுக்கும் அவசரம் இருக்கவில்லை. எழுந்தபோது, "உங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்" என்றார்கள்.

கோட்டயத்திலிருந்து பரணங்கானம் சென்று, 2008-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அல்போன்சம்மாவின் கல்லறையில் செபித்தோம். இறுதியாகக் கோட்டாறு மறைமாவட்டப் பேராலயம். 1752-இல் காற்றாடிமலையில் உயிர்நீத்து, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் கல்லறை அங்கேதான் உள்ளது. அப்பேராலயமும் புனித சவேரியாரின் பெயரையே தாங்கி நிற்பதைக் கண்டு அம்மா அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இத்தகைய பயணம் மேற்கொள்ள விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். முதலில் வழியைத் தெளிவாக எழுதிக்கொண்டு, புறப்படும் நிலையத்துக்குரிய கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்தை அணுக வேண்டும். அவர்கள் கட்டணத்தைக் கணக்கிட்டுத் தருவார்கள். சீட்டு கையில் இருந்தால் மட்டும் படுக்கை கிடைத்துவிடாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனியே முன்பதிவு செய்ய வேண்டும். அதற்கான கட்டணமும் அதிவிரைவு வண்டிக்கான கூடுதல் கட்டணமும் தனி. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குவதால், எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஓரிரு இடங்களுக்கு மட்டும் சென்று வந்த வழியே திரும்புவோருக்குச் சாதாரணச் சீட்டே போதும். வெளிநாட்டு உறவினருக்கென முன்பு இருந்த இண்ட்ரெயில் பாஸ் 2017-இல் நிறுத்தப்பட்டுவிட்டது; அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை ஊர் பார்க்கலாம் என்று எண்ணுமுன், எதற்காகப் போகிறோம் என்று குடும்பமாக அமர்ந்து பேசுங்கள்; வீட்டில் மிக மெதுவாக நடப்பவரை முதலில் கேளுங்கள். எம்மாவுக்குச் சென்ற சீடரோடு உயிர்த்த ஆண்டவர் அவர்கள் நடைக்கேற்பவே உடன் நடந்தார். நம் பயணங்களிலும் அவர் அவ்வாறே உடன் வருவாராக!